தேரிக்காட்டில் ஒரு இளவட்டக்கல்

தேரிக்காடு என்றதும் பலருக்கு சினிமாவில் பார்த்த செம்மண்தான் ஞாபகத்துக்கு வரும். நேரில் அது இன்னும் சிவப்பு. சாத்தான்குளத்திலிருந்து திசையன்விளை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. குங்குமத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் குவித்த மாதிரி மணல் மேடுகள். மேடெல்லாம் பனை. பனை இல்லாத இடத்தில் முருங்கைத் தோட்டம், அதுவும் இல்லாத இடத்தில் உடைமரம். தூரத்தில் காற்றாலைகள் கையை விரித்துச் சுற்றிக்கொண்டிருக்கும். அதையும் தாண்டினால் கடல். மணல் மேல் இரும்புத் துரு ஏறியிருப்பதால்தான் இந்தச் சிவப்பு என்கிறார்கள். வெள்ளை வேட்டியோடு இந்த ஊருக்குள் போனவர்கள் வெள்ளை வேட்டியோடு திரும்பியதில்லை. துவைக்கிறவளுக்கல்லவா தெரியும்!

என் புகுந்த வீடு இந்தப் பக்கத்துச் சின்ன ஊர். பெயரைப் போட்டால் வீட்டுச் சமாசாரம் எல்லாம் வெளியே வரும், போடாதே என்று என்னவர் உத்தரவு. அதனால் ஊருக்குப் பெயர் இல்லை. 2025 பொங்கலுக்கு நாங்கள் சென்னையிலிருந்து அங்கே போனோம். சனிக்கிழமை ராத்திரி எழும்பூரில் ரயில் ஏறி, காலையில் திருநெல்வேலியில் இறங்கி, இரண்டு பஸ் மாறி வீட்டு வாசலில் போய் இறங்கினால், என்னால் பஸ் படியில் கால் வைத்து இறங்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். வாசலில் நின்ற என் ஓரகத்தி, "என்னக்கா, நொண்டுதிய? விழுந்து கிழுந்து வச்சியளா?" என்று ஓடி வந்தாள்.

விழவில்லை. வெள்ளிக்கிழமை எடை தூக்கியிருந்தேன். அந்த வலிதான் அது.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு வயது 46. என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பதினோரு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அந்தப் பதினோரு மாதமும் திருப்பிப் போட்டுத் துடைத்து எடுத்தவள் நான். அதற்குப் பிறகு எனக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்து பார்த்த டாக்டரம்மா, "இப்பவே தேய ஆரம்பிச்சிருக்கு. மாதவிடாய் நின்ன பிறகு இன்னும் வேகமாத் தேயும். நடக்கிறது மட்டும் போதாது, எடை தூக்குங்க" என்று சொல்லிவிட்டார். முப்பது வயதுக்கு மேல் சதையும் பத்து வருஷத்துக்கு நூற்றில் மூன்று முதல் எட்டுப் பங்கு வரை குறைந்துகொண்டே போகுமாம். உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட குறிப்பில், பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. ஆக, எங்கள் தெருமுனையில் பெண்களுக்கான ஜிம்மில் சேர்ந்தேன். திங்கள், புதன், வெள்ளி. சுரிதாரில் போய் நின்று இரும்புக் கம்பியைத் தூக்கும் என்னைப் பார்த்து என் மகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். வலிதான் பெரிய பாடு. தூக்கின அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து தோசை வார்க்கலாம், துணி மடிக்கலாம். மறுநாள் காலையில் மெல்ல ஆரம்பிக்கும். இரண்டாம் நாள் உச்சிக்குப் போகும். தரையில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. தலை வாரக் கையைத் தூக்கினால் "அம்மா!" நான்காம் ஐந்தாம் நாள் போன இடம் தெரியாமல் போய்விடும். பழகின பிறகு இது குறைந்தது. ஆனால் பயிற்சி சொல்லித் தரும் பெண் புதிதாக ஒன்றைச் சேர்க்கிற வாரமெல்லாம் மறுபடி வரும். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். இரண்டு கையிலும் எடையோடு பலகை மேல் ஏறி, ஒற்றைக் காலில் மெல்ல மெல்ல இறங்கும் பயிற்சி புதிதாகச் சேர்ந்திருந்தது.

"வலிக்குதுன்னா விட்டுத் தொலையேன்" என்பார் என்னவர். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அம்மாவின் படுக்கையை நினைத்தால் விட மனசு வராது. வலியோடு தொடரலாமா, தொடர்ந்தால் எதாவது அறுந்துவிடுமா, இதுதான் ரயில் முழுக்க என் மண்டையில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் குழந்தைகளோடு ஊருக்கு மேற்கே தேரி மேட்டுக்குப் போனோம். இரண்டு ஆள் உயரம் இருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கியது, தொடை அவ்வளவாக வலிக்கவில்லை. இறங்கும்போதுதான் ஒவ்வொரு அடிக்கும் உயிர் போனது. பிள்ளைகளெல்லாம் உருண்டு இறங்க, நான் உட்கார்ந்தே சறுக்கி வந்தேன். சேலையின் கதி உங்களுக்கே தெரியும். ஏறினால் வலிக்காமல் இறங்கினால் வலிப்பானேன்? ஜிம்மில் அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் விளங்கியது. தசை சுருங்கி வேலை செய்வது ஒரு விதம். பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீண்டு கொடுப்பது இன்னொரு விதம். பின்னாலே வருகிற வலிக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவதுதான். தூக்குவதைவிட இறக்குவதில்தான் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிக்கட்ட உடம்பு செய்கிற வேலையில் வீக்கமும் வலியும் வருகின்றன. லாக்டிக் அமிலம் தங்கிவிட்டது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பயிற்சி முடிந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடுமாம். இரண்டாம் நாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1902-லேயே ஹஃப் என்ற அமெரிக்கர், தசைக்குள் ஏற்படும் கிழிசல்தான் காரணமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார்.

இனி இளவட்டக்கல்லுக்கு வருகிறேன். தென் மாவட்டங்களில் பல ஊர்களில் கோயில் திடலிலோ மந்தையிலோ உருண்டையாக, வழவழவென்று ஒரு கல் கிடக்கும். அந்தக் காலத்தில் இதைத் தூக்கினவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்பார்கள். கல்யாணக் கல் என்றும் ஒரு பெயர் உண்டு. நூறு கிலோவுக்கு மேற்பட்ட கற்களும் இருக்கின்றன. பிடிக்க விளிம்பே கிடையாது, அதுதான் சூட்சுமம். குத்தவைத்துக் கல்லைக் கட்டிப்பிடித்து முதலில் முழங்காலுக்கு ஏற்ற வேண்டும். அப்புறம் நெஞ்சுக்கு. நெஞ்சிலிருந்து தோளுக்கு. கடைசியில் முதுகுக்குப் பின்னால் போட்டுவிட வேண்டும். நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் சமயத்தில் நடக்கிற போட்டி பேப்பரில் படத்தோடு வரும். அங்கே பெண்களும் தூக்குகிறார்கள்.

எங்கள் ஊரில் மூன்று கல் உண்டு. பெரியது தொண்ணூறு கிலோவுக்குக் கிட்ட, நடுவில் உள்ளது அறுபது, சின்னது முப்பது. பொங்கலுக்கு மறுநாள் போட்டி. என் கொழுந்தன் மகன் இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, திருப்பூரில் வேலை பார்க்கிறான். அறுபது கிலோ கல்லை இந்த வருஷம் தூக்கியே தீருவது என்று பத்து நாள் முந்தியே லீவு போட்டு வந்து பழகிக்கொண்டிருந்தான். பழக்குகிறவர் எங்கள் பெரிய மாமா, என் மாமனாரின் அண்ணன். எழுபத்து நாலு வயசு. இளமையில் பெரிய கல்லைத் தூக்கினவர். இன்றைக்கும் முதுகு பனை மாதிரிதான் நிற்கிறது.

போகிப் பண்டிகை அன்றைக்கு, அதாவது என் திங்கட்கிழமை, நானும் திடலுக்குப் போய் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். அவர் சொல்லிக் கொடுத்த முறையைப் பார்த்து அசந்துபோனேன். முதலில் வெறுங்கையோடு குனிந்து நிமிரச் சொன்னார். அப்புறம் சின்னக் கல். வேர்வை வந்த பிறகுதான் நடுக் கல். தூக்கினதும் அவன் கல்லை மெதுவாக இறக்கி வைக்கப் போனான். "ஏலே, இறக்காத! பின்னால போடு" என்று ஒரு சத்தம். மணலில் கல் தொம்மென்று விழுந்தது.

எனக்குப் பொறி தட்டியது. இவர்கள் பாரத்தைக் கீழே இறக்குவதே இல்லை! ஒலிம்பிக்கில் எடை தூக்குகிறவர்களும் தலைக்கு மேலே தூக்கி நின்றதும் கம்பியை விட்டுவிடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். ரப்பர் தட்டு, அதனால் தரை தாங்குகிறது. இங்கே தேரி மணல் தாங்குகிறது. "மாமா, மறுநாள் மேல் வலிக்காதா?" என்று கேட்டேன். "வலிக்கத்தான் செய்யும். முத நாலஞ்சு நாளு வலிக்கும், பொறவு அவ்வளவா தெரியாது. வலிக்கிற அன்னைக்குச் சின்னக் கல்லைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவோம். சும்மா கெடந்தா இன்னும் விறைச்சுக்கிடும்லா" என்றார். ஒரு தடவை வலி கொடுத்த பயிற்சியை மறுபடி செய்தால் வலி குறையும், அந்தக் காப்பு சில வாரங்கள் வரை நிற்கும் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. மாமா எந்தப் புத்தகமும் படிக்கவில்லை.

அன்றைக்கு என் திங்கட்கிழமைப் பயிற்சியை வீட்டு முற்றத்திலேயே செய்தேன். கம்பியும் தட்டும் இல்லாவிட்டால் என்ன? பித்தளைக் குடத்தில் பாதித் தண்ணீர், அதுதான் எடை. முதலில் முற்றத்தைச் சுற்றிப் பத்து நிமிஷம் நடை. நார்க்கட்டிலில் உட்கார்ந்து எழுந்திருப்பது பத்து தடவை. குடத்தை இரண்டு கையாலும் தூக்கித் திண்ணை மேல் வைத்தேன். திண்ணையிலிருந்து இறக்குகிற வேலையை என்னவரிடம் விட்டுவிட்டேன். வழக்கத்தில் பாதிதான். முடித்தபோது, ஆரம்பித்தபோது இருந்ததைவிட வலி குறைந்திருந்தது. ரத்த ஓட்டம் சூடேற்றுவதால் வருகிற சுகம் அது, ராத்திரி மறுபடி கொஞ்சம் வலித்தது. ஆனால் எதுவும் மோசமாகவில்லை.

ஓரகத்தி வெந்நீர் போட்டு நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஊற்றினாள். நல்லெண்ணெய் தேய்த்து மெதுவாக நீவிவிட்டாள். சூடும் நீவலும் வலியை ஓரளவு தணிக்கும், சேதத்தை ஆற்றுவதென்னவோ நாளும் சாப்பாடும் தூக்கமும்தான். பயிற்சிக்கு முன்னும் பின்னும் கைகாலை இழுத்து நீட்டிவிட்டால் மறுநாள் வலிக்காது என்று நம்பி வந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று தெரிந்திருக்கிறது. வலி மாத்திரையைப் பழக்கமாக்கிக்கொள்ளாதே, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டில் உடம்பு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டுமாம். ஊரில் அதற்குக் கவலையே இல்லை. காலையில் உளுந்தங்களி, உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு. வயசுக்கு வந்த பெண்களுக்கு இடுப்பு வலுவுக்காகக் கொடுப்பது. நாற்பத்தாறு வயசிலும் இறங்குகிறது! பொங்கல் கழிந்த பிறகு பெரியதாழையிலிருந்து மீன் வந்தது. நடுவே அவித்த பனங்கிழங்கு, அது வேறு கணக்கு, நாவுக்காக.

பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாசம் 1,500 ரூபாய் கட்டி எடை தூக்குகிறேன் என்று கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கல்லு தூக்கக் காசா? வாடகைக் கல்லாக்கும்!" என்று சிரித்தாள். அவள் கலியாணம் ஆகி வந்த புதிதில் ஆட்டுரலையே தனியாக நகர்த்தினவளாம். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்தில் பிறந்த கர்ணம் மல்லேஸ்வரி 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார், ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான், பெண்களுக்கு அந்தப் போட்டி வைத்ததே அந்த வருஷம்தான் என்று சொன்னேன். "அவளுக்கும் மேல் நொந்திருக்கும்லா?" என்பதுதான் ஆச்சி கேட்ட ஒரே கேள்வி.

அன்று சாயந்திரம்தான் அந்தச் சம்பவம். நடுக் கல்லை நெஞ்சுக்கு ஏற்றின கொழுந்தன் மகன் "ஆ" என்று கல்லைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் நின்று, "ஒண்ணுமில்ல தாத்தா, மேல் வலிதான்" என்று மறுபடி குனிந்தான். பெரிய மாமா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எப்ப வந்துச்சு? இப்பவா, காலையிலயே இருந்துச்சா?"

"இப்பத்தான்."

"ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?"

"வலது பக்கம்."

"அங்கனயே நிக்கா, கீழ இறங்குதா?"

அவன் பதில் சொல்லாமல் கெண்டைக்காலைத் தடவினான். "போதும். கல்லைத் தொடாத" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார் மாமா.

வீட்டில் ஒரே ரகளை. பிள்ளை சாப்பிடவில்லை. "ஊரே பாத்துக்கிட்டு இருக்கு, இப்ப ஒதுங்குனா என்ன பேசுவாக?" என்று என் கொழுந்தனுக்கும் ஆதங்கம். எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும் என்று ஒருவர், ஊசி போட்டுக்கொண்டு தூக்கலாம் என்று இன்னொருவர். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. என் வலியையும் அவன் வலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். எனக்கு மறுநாள் வந்தது, அவனுக்குத் தூக்கும்போதே வந்தது. எனக்கு இரண்டு தொடையிலும் சதை முழுக்கப் பரவலாக, அவனுக்கு ஒரு பக்கம், சுரீரென்று, காலுக்கு இறங்கி. எனக்கு அசைந்தால் இளகுகிறது, அவனுக்கு அசைந்தால் கூடுகிறது. மரத்துப்போவது, கால் வலுவிழப்பது, மூட்டு வீங்குவது எல்லாமே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். இன்னொன்றும் சொன்னேன், அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். கடுமையாகப் பயிற்சி செய்த பிறகு தாங்க முடியாத வலியோடு, சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற ஆபத்து அது. அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் பொங்கல். அதற்கு அடுத்த நாள் திடலில் ஜே ஜே என்று கூட்டம். எங்கள் பிள்ளை ஆலமரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறுபது கிலோ கல்லை மூன்று பேர் தூக்கினார்கள், பெரிய கல்லை ஒருவரும் தோளுக்குக் கொண்டுவரவில்லை. பெண்கள் முறை வந்தபோது ஓரகத்தி என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். வலி அன்றைக்கு இருந்த இடம் தெரியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சின்னக் கல்லைக் கட்டிப்பிடித்தேன். கம்பி மாதிரி இல்லை, வழுக்குகிறது! முழங்கால் வரை வந்தது, மடியில் ஏறியது, நெஞ்சுக்கு வர மறுத்துவிட்டது. "போட்டுருங்க மைனி!" என்று கொழுந்தன் கத்தவும் மணலில் போட்டேன். ஜெயித்தது இருபது வயசுப் பெண் ஒருத்தி. தோளுக்கு மேல் கொண்டுபோய்ப் பின்னால் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல் ரிப்பனைக் கட்டிக்கொண்டு போனாள். எனக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது.

பிள்ளையை நாகர்கோவிலில் எலும்பு டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் வட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை வேண்டாம், ஆறு வாரம் பாரம் தூக்காமல் சொன்ன பயிற்சிகளை மட்டும் செய்யட்டும் என்றாராம். நாங்கள் சென்னைக்குத் திரும்புகிற அன்றுவரை அவன் தாத்தாவோடு பேசவில்லை.

சித்திரையில் போன் வந்தது. டாக்டர் சரி சொல்லிவிட்டாராம், தாத்தாவே கூட்டிப்போய்ச் சின்னக் கல்லிலிருந்து ஆரம்பித்து வைத்திருக்கிறாராம், வாரம் மூன்று நாள் மட்டும். "பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி உங்க வாடகைக் கல்லு எம்புட்டுன்னு கேக்கச் சொன்னா" என்றான். முப்பத்தைந்து கிலோ என்று சொல்லச் சொன்னேன்.